அஞ்சத்தக்க அசண்டே வீரர்

போர் என்றதும் படைக்கலங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் பகைவனது உடலைத் தாக்குமுன் உள்ளத்தைத் தாக்குவதும் போரின் ஒரு கூறேயாகும். இதனை நன்குணர்ந்தோர் ஆபிரிக்காவின் அசண்டே மக்கள். இன்றைய தென் சூடான், கொங்கோ சனநாயகக் குடியரசு, மத்திய ஆபிரிக்கக் குடியரசு ஆகிய மூன்றும் எல்லை கொள்ளும் நிலப்பகுதியே அவர்களது தாயகம். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில், அவொங்கரா என்னும் அரச குலத்தாரின் தலைமையில், அயலிலுள்ள குலங்களை வென்று, அவற்றைத் தம்முள் இணைத்துப் பெருகியவர்கள் இவர்கள்.

அசண்டே வீரன் ஈட்டியும், பிரம்புபோற் பின்னிய நெடிய கேடயமும் தாங்கிச் செல்வான். கேடயத்தின் உட்புறத்தில் 'கிபிங்கா' எனப்படும் எறிகத்திகள் இருக்கும். பல திசைகளிலும் அலகுகள் கிளைத்த இக்கத்தி சுழன்று பாயும்போது, ஏதேனும் ஓர் அலகு பகைவனைத் தைத்துவிடும். ஆனால், எறியப்படுமுன்னரே அது தன் பணியைத் தொடங்கிவிடும். வீரர் கேடயங்களைத் திருப்பி, ஒளிரும் கத்திகளைக் காட்டிப் பேராரவாரம் செய்வர். கண்டோர் நெஞ்சம் கலங்கும்.

தம் வீரரின் மனவுறுதியைக் காக்கவும் அவர்கள் வழி கண்டிருந்தனர். போருக்குமுன் மன்னன் 'பெங்கே' என்னும் நச்சுக்குறி கேட்பான். நஞ்சூட்டப்பட்ட கோழிக்குஞ்சு பிழைப்பதையும் இறப்பதையும் கொண்டு வெற்றி தோல்வி கணிக்கப்படும். நற்குறி பெற்ற படை ஐயமின்றி நடக்கும்.

எனினும், தப்ப வழியற்ற பகைவன் உயிரைப் பொருட்படுத்தாது போரிடுவான் என்பதையும் அவர்கள் அறிவர். ஆதலின், பகைவரைச் சூழும்போது பின்புறத்தே வழி விடுவர். சமரையும் பிற்பகலிலேயே தொடங்குவர். தோற்றவர் இருளில் அகல இயலும். அச்சுறுத்தி ஓட்டுவதே நோக்கம், அடியோடு அழிப்பதன்று.

இவ்வச்சத்தின் நிழல் அவர்கள்மேலேயே வீழ்ந்தது. அயலார் 'பெருந்தீனியர்' என்னும் பொருள்பட 'நியாம்-நியாம்' என்றழைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பயணிகள் அவர்களை நரமாமிசம் உண்போர் என எழுதினர். 1920களில் அம்மக்களிடையே வாழ்ந்த மானிடவியலறிஞர் எவன்ஸ்-பிரிச்சாட், அச்செய்திகளுட் பல செவிவழி வந்தவையே என்பதைப் பின்னர் எடுத்துக்காட்டினார்.

1905ஆம் ஆண்டில், புகழ்பெற்ற மன்னன் குபுட்வே பிரித்தானியர் தலைமையில் வந்த படையினாற் காயமுற்று மாண்டான். துப்பாக்கியின்முன் எறிகத்தி தோற்றது. யாம்பியோ என்னும் அவனது மறுபெயரைத் தென் சூடானின் நகரொன்று இன்றும் தாங்கி நிற்கின்றது. பகைவரை அகற்ற எழுப்பிய அச்சம் போர் முடிந்ததும் மறைந்துவிடுவதில்லை. அது பழியாகி ஓரினத்தைத் தொடரவுங்கூடும்.