வசனம் யாருடையது? - மனோரமாவின் நகைச்சுவைக் கலை

நமது கரையோர ஊர்களில் ஒரு கலியாண வீட்டின் அடுப்படியைச் சற்று நினைத்துப் பாருங்கள். முன்விறாந்தையில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு மூத்தம்மா, வெற்றிலையை மடித்தபடி, மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கிய விதத்தைச் சொல்லிக் காட்டுகிறார். வந்தவர்களின் நடை, குரல், பேச்சின் இழுவை எல்லாம் அப்படியே வருகின்றன. சுற்றியிருக்கும் பெண்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். முன்னாலிருந்து யாரோ செருமியதும் சிரிப்பு அடங்கிவிடுகிறது. அந்தக் கலைக்கு எழுத்தும் இல்லை, மேடையும் இல்லை.

அதே கலை மேடையேறினால் என்னவாகும்? மனோரமாவின் வாழ்க்கை அதற்கொரு விடை.

1937ஆம் ஆண்டு மன்னார்குடியில் பிறந்தவர் அவர். இயற்பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்ட நிலையில், தாயுடன் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரில் குடியேறினார். தாய் செட்டியார் வீடுகளில் வேலை செய்து பிள்ளையை வளர்த்தார். பிள்ளையும் வீட்டு வேலை செய்ய நேர்ந்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதளவில் நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரை அவருக்குத் தந்ததும் நாடகக்காரர்கள்தாம். பின்னர் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழு அவரைச் சென்னைக்குக் கொண்டு சென்றது.

1958இல் வெளிவந்த 'மாலையிட்ட மங்கை' அவரது முதல் தமிழ்ப் படம். தயாரித்தவர் கவிஞர் கண்ணதாசன். நகைச்சுவை வேடம் என்றதும் மனோரமா தயங்கினார். மேடையில் கதாநாயகியாக நடித்தவர் அல்லவா? கதாநாயகியாக வந்தால் சில வருடங்கள்தான் நிற்கலாம், நகைச்சுவை என்றால் காலமெல்லாம் நிற்கலாம் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னதாக மனோரமாவே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 'கொஞ்சும் குமரி' (1963) படத்தில் கதாநாயகியாகவும் அவர் நடித்தார். ஆயினும் கவிஞரின் சொல்லே பலித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், 'புதிய பாதை' (1989) படத்துக்காகத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. 2015 ஒக்டோபர் 10ஆம் திகதி மறையும்போது அவர் தமிழுலகுக்கே 'ஆச்சி'.

இலக்கிய நிகழ்ச்சியில் நடிகைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவரது கலை மொழியில் இருந்தது என்பதே மறுமொழி. அக்காலத்துக் கதாநாயகர்கள் அடுக்குமொழி பேசினார்கள். தெருவில் நடமாடும் தமிழ் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கே விடப்பட்டிருந்தது. மனோரமா அதை வாய்ப்பாக்கினார். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைச் சேரிப் பேச்சிலமைந்த பாடலொன்றைச் சொந்தக் குரலிலேயே பாடினார். அறுபதுகளில் நம் நாட்டிலே, பேச்சுத் தமிழைக் கதைகளில் எழுதியவர்கள் 'இழிசனர் வழக்கு' என்ற ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டுகளில் அந்த வழக்கைக் கேட்டுச் சனங்கள் திரையரங்குகளில் சிரித்து மகிழ்ந்தார்கள்.

அந்த வசனங்களை அவர் எழுதவில்லை, உண்மைதான். ஆனால் இரண்டு பாத்திரங்களைப் பாருங்கள். கொத்தமங்கலம் சுப்புவின் நாவலைத் தழுவிய 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் கண்ணம்மா ஒரு வீட்டு வேலைக்காரி. இரண்டும் மனோரமா வாழ்ந்து பார்த்த தொழில்கள். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு காரணங்களைக் கூறுகிறது தொல்காப்பியம். ரமாமணியிடம் நாம் முதலில் காண்பது பேதைமை. சற்று நேரத்தில் அந்த வெள்ளை மனதின் அடியிலுள்ள துயரம் தெரிகிறது. நாம் சிரித்தவள்மீது மதிப்பு வந்துவிடுகிறது. தாளில் இருந்தது வசனம். அதற்குள் இருந்த வாழ்க்கை நடித்தவருடையது.

வசனத்தையும் தாமே எழுதிய பெண்களும் உலகில் உண்டு. இங்கிலாந்தின் விக்டோரியா வூட் (1953-2016) அவர்களில் ஒருவர். 1998 முதல் 2000 வரை பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த அவரது 'டின்னர்லேடீஸ்' தொடர், ஒரு தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலைப் பெண்களின் கதை. பதினாறு பகுதிகளையும் அவரே எழுதினார்; முக்கிய வேடத்திலும் நடித்தார். இங்கிலாந்தின் வடபுலத்துப் பெண்கள் வேலையினிடையே கதைக்கும் கதைதான் அவரது மூலதனம். அவர் கையில் பேனா இருந்தது. ஆகவே எங்கே சிரிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே தீர்மானித்தார். பள்ளத்தூர்ப் பிள்ளைக்கு அந்தப் பேனா எட்டவில்லை.

இப்போது நம் அடுப்படிக்குத் திரும்புவோம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என இந்தக் கரை நெடுகிலும் மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் குத்திக்காட்டும் நாட்டார் கவிகள் வழங்கி வந்தன. பெண்களின் கேலியும் கிண்டலும் அவற்றில் நிறைந்து கிடக்கின்றன. அறிஞர்கள் சிலர் அவற்றைத் தேடித் தொகுத்து அச்சிலும் ஏற்றினார்கள். கவி கிடைத்தது; கட்டியவளின் பெயர் கிடைக்கவில்லை. மனோரமாவுக்கு வசனம் சொந்தமில்லை, பெயராவது மிஞ்சியது. நம் மூத்தம்மாமாருக்கோ சொல் சொந்தம், பெயர் மிஞ்சவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படியொருவர் இருக்கக்கூடும். அவர் சொல்லிச் சிரிக்க வைப்பதை, அவர் சொல்லும் பேச்சிலேயே, திருத்தாமல் எழுதி வையுங்கள். அடியிலே மறக்காமல் அவர் பெயரையும் எழுதுங்கள்.