மணல் நகர்வுக்கு நம்ம சொந்தச் சூத்திரம்

ஆற்றுப் படுகையில சரளை எவ்வளவு நகரும்? மென்பொருள் சொல்ற விடை, உள்ளே எந்தச் சூத்திரம் இருக்குங்கிறதைப் பொறுத்தது.

பலரும் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பது 1948-ல் மேயர்-பீட்டரும் முல்லரும் தந்த சூத்திரம். படுகை மேல் நீரின் இழுவிசையைப் பரிமாணமற்ற எண்ணாக்கி, 0.047-ஐக் கழித்து, மிச்சத்தை 1.5 அடுக்குக்கு உயர்த்தி, 8-ஆல் பெருக்கணும். 2006-ல் வோங்கும் பார்க்கரும் அந்தப் பழைய தரவுகளையே மறுபடி அலசினாங்க: 8-க்குப் பதில் 3.97, 0.047-க்குப் பதில் 0.0495. இழுவிசை 0.1 என்றால் பழசு 0.098, புதுசு 0.045. பாதிகூட இல்லை! அணை எப்போ தூர்ந்துபோகும்ங்கிற கணக்கே மாறிடும்.

டெலிமாக்கில் ஃபோர்ட்ரான் துணைநிரலை மாற்றியும், டெல்ஃப்ட்3டி-யில் தனியா தொகுத்த நூலகக் கோப்பை இணைத்தும் சொந்தச் சூத்திரம் சேர்க்கலாம். மூணு விஷயம் கவனிங்க:

1. கழித்தல் எதிர்ம எண் தந்தா 1.5 அடுக்கு கணக்கிட முடியாது. அங்கே நகர்வு பூஜ்யம்னு எழுதிடுங்க.

2. விடை பரிமாணமற்றது. மூழ்கிய ஒப்படர்த்தி (சாதாரண மணலுக்கு 1.65), புவியீர்ப்பு முடுக்கம், கல் விட்டத்தின் மும்மடி மூணையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து அதால பெருக்கணும்.

3. முதல்ல பழைய சூத்திரத்தையே உங்க நிரல்ல எழுதி ஓட்டுங்க. மென்பொருளோட சொந்த விடையோடு பொருந்தின பிறகுதான் எண்களை மாற்றணும். இல்லேன்னா வித்தியாசம் ஆற்றோடதா, நிரலோடதான்னு தெரியவே தெரியாது.