துணை, பொறுப்பு, பதில்: பதவிப் பெயர்களில் பதிலாளர்

ஒரு பதவிக்குரியவருக்கு உதவியாகவோ மாற்றாகவோ செயற்படுபவரைத் துணை, பொறுப்பு, பதில் என்னும் சொற்களால் குறிக்கிறோம். இவை ஒருபொருட் பன்மொழி அல்ல என்பதைத் தேனி மாவட்டச் சான்றுகள் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பெரியகுளத்தைச் சேர்ந்த ஓ. பன்னீர்செல்வம் 2001, 2014 ஆகிய ஆண்டுகளில், நீதிமன்றத் தீர்ப்புகளால் ஜெயலலிதா பதவியிழந்தபோது முதலமைச்சரானார். பலர் அவரை மாற்று ஏற்பாடாகவே கருதினர். ஆயினும் சட்டப்படி அவர் முழுமையான முதலமைச்சர். 'பதில் முதலமைச்சர்' என்றொரு பதவி அரசமைப்பில் இல்லை.

2016 அக்டோபரில் நிலை வேறு. மருத்துவமனையிலிருந்த ஜெயலலிதா இலாகா இல்லாத முதலமைச்சராகத் தொடர, அவருடைய துறைகள் பன்னீர்செல்வத்திடம் ஒப்படைக்கப்பட்டன. பதவி ஒருவரிடமும் பணி மற்றொருவரிடமும் இருந்த இந்நிலையே 'பொறுப்பு'. 2017 ஆகஸ்டில் அவர் துணை முதலமைச்சரானார். 'துணை' என்பது தலைவரின் இடத்தை நிரப்புவதன்று. அவர் இருக்கும்போதே உடனிருப்பது. இப்பதவிப் பெயரும் அரசமைப்பில் இல்லை.

இலங்கைத் தமிழில் 'பதில் நீதவான்', 'பதில் அமைச்சர்' என்பன இயல்பான வழக்குகள். தமிழகத்திலோ 'பதில்' பெரிதும் விடையையே சுட்டுவதால், பதவிப்பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என எழுதுகின்றனர்.

உத்தமபாளையத்தில் வழங்கப்படும் சான்றிதழில் 'வட்டாட்சியர் (பொறுப்பு)' என்றிருப்பின், ஒப்பமிட்டவர் அப்பதவியின் பணியைத் தற்காலிகமாக ஏற்றவர். 'துணை வட்டாட்சியர்' என்றிருப்பின், அவர் தமக்கேயுரிய நிலையான பதவியில் இருப்பவர். 'பொறு' என்னும் வினையடி சுமத்தலைக் குறிக்கும். ஆகவே, முடிவுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதை இச்சொல்லே மக்களுக்கு உணர்த்துகிறது.