உங்களுக்குத் தெரியுமா? பம்ப் பேசாவிட்டால் வயரைப் பாருங்கள்

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்சீட்டுப் பக்கமிருந்து ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்ப், இன்ஜினுக்கு அழுத்தத்தோடு பெட்ரோல் ஏற்றும் சத்தம் அது. கேட்கவில்லையா? முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, பிறகு வயர். தஞ்சை டெல்டாவில் வயரைக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகிக்கலாம். சம்பா அறுவடை முடிந்தால் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். வாழ்நாள் முழுக்க வளரும் வெட்டுப்பற்களைத் தேய்க்க எதையாவது கொறித்தாக வேண்டுமே! வயலில் அவற்றுக்குத் தஞ்சாவூர் கிட்டி என்னும் எலிப்பொறி உண்டு. பானெட்டுக்குள் கிட்டி வைக்கவா முடியும்? மின்சாரமும் எர்த்தும் ஒழுங்காக வந்தும் ஓடாவிட்டால்தான் பம்பை மாற்றும் பேச்சு. அதைக் குளிர்விப்பதும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் சூடேறிச் சீக்கிரம் கெடும்.