தஞ்சை நெல் வேளாண்மையில் வர்க்கப் பிரிவு

தஞ்சை நெல் வேளாண்மையில் வர்க்கப் பிரிவு என்பது காவிரிப் படுகையில் நில உடைமையையும் உழைப்பையும் அடிப்படையாகக் கொண்டு உருவான சமூகப் பிரிவைக் குறிக்கும். உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் உள்ளன என்பதே வர்க்கத்தைத் தீர்மானிக்கிறது என்றார் கார்ல் மார்க்சு. இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களையும் உள்ளடக்கியிருந்த பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நிலமே அந்தச் சாதனம்.

மூன்று நிலைகள்

மிராசுதார்: நிலத்தின் உரிமையாளர். தனிநபர்களுடன் கோயில்களும் மடங்களும் பெரும் நிலவுடைமை கொண்டிருந்தன. உரிமையாளர் வயலில் இறங்காமலேயே விளைச்சலில் பங்கு பெற முடிந்தது.

குத்தகைதாரர்: பிறர் நிலத்தைப் பயிரிட்டு, குறித்த அளவு நெல்லைக் குத்தகையாகவோ விளைச்சலில் ஒரு பகுதியை வாரமாகவோ அளந்தவர்.

பண்ணையாள்: நிலமோ குத்தகை உரிமையோ இல்லாதவர். உழவு, நடவு, அறுவடை ஆகியவற்றைச் செய்து நெல்லாகக் கூலி பெற்றார். கடனும், மிராசுதாரின் நிலத்தில் இருந்த குடிசையும் அவரைப் பண்ணையோடு பிணைத்தன.

சாதியும் வர்க்கமும்

மிராசுதார்களில் பிராமணர், வெள்ளாளர் முதலிய சாதியினரும், பண்ணையாட்களில் பட்டியல் சாதியினரும் மிகுந்திருந்தனர். எனினும் இரண்டும் ஒன்றல்ல. தஞ்சைக் கிராமம் ஒன்றை ஆய்வு செய்து 1965இல் நூல் வெளியிட்ட சமூகவியலாளர் ஆந்திரே பெத்தேல், முன்பு பெரிதும் ஒன்றியிருந்த சாதியும் வர்க்கமும் அதிகாரமும் படிப்படியாகப் பிரிந்து வருவதைச் சுட்டிக்காட்டினார்.

சட்டங்களும் போராட்டங்களும்

1940களில் பி. சீனிவாசராவ் உள்ளிட்ட பொதுவுடைமை இயக்கத்தினர் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் சங்கமாகத் திரட்டினர். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு விளைச்சலில் 40 விழுக்காட்டை உறுதி செய்தது. 1956ஆம் ஆண்டின் நியாயவாரச் சட்டம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது: நன்செய் நிலத்தில் உரிமையாளரின் பங்கே 40 விழுக்காடானது.

பண்ணையாட்களின் நிலை வேறு. பாதுகாப்புச் சட்டத்தைத் தவிர்க்க மிராசுதார்கள் பலர் அவர்களை நீக்கிவிட்டுத் தினக்கூலிகளை அமர்த்தினர். கூலி உயர்வுப் போராட்டங்களின் பின்னணியில் 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது.

குடியிருப்பு உரிமை

கூலி உயர்வு கேட்பவர் வேலையோடு வீட்டையும் இழக்கலாம் என்ற அச்சம் பண்ணை முறையின் முக்கியப் பிடியாக இருந்தது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், குடிசை இருந்த மனையை அங்கு வாழ்ந்த தொழிலாளருக்கே உரிமையாக்கி அந்தப் பிடியைத் தளர்த்தியது. ஆனால் அச்சட்டம் அளித்தது மனையை மட்டுமே, வயலை அல்ல. சொந்த மனை பெற்ற பின்னும் நிலமற்றவர் பிறர் வயலில் உழைக்கும் கூலித் தொழிலாளராகவே தொடர்ந்தார்.