நஞ்சுக்கொடி விழக் காத்திருக்காமல் சீம்பால் கொடுங்கள்

ஆடு குட்டி ஈனுவதற்குப் பெரும்பாலும் நம் உதவி தேவைப்படாது. இரவில் ஈன்று, விடியற்காலையில் இரண்டு குட்டிகளோடு நிற்கும் ஆடுகளே அதிகம். பிறகு முதல் வாரத்திலேயே குட்டி செத்துப்போனால் 'ராசியில்லை' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. ராசியைவிட, ஈன்ற முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்வதே முக்கியம்.

ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். கிடாயோடு சேர்ந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஈனுவதற்கு 3 முதல் 4 வாரம் முன்பு துள்ளுமாரி தடுப்பூசி போட்டால், அந்த எதிர்ப்பு சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேரும். கடைசி வாரத்தில் தூரத்து மேய்ச்சல் வேண்டாம். கொட்டகையின் ஒரு மூலையைத் தடுத்து, காய்ந்த வைக்கோல் பரப்பி, ஆட்டைத் தனியே விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தரையில் விழும் குட்டி சீக்கிரம் விறைத்துப்போகும்.

மடி இறங்கிப் பருத்து, வாலடியின் இருபுறமும் பள்ளம் விழுந்தால் நேரம் நெருங்கிவிட்டது. ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும். காலால் தரையைப் பறிக்கும். படுத்துப் படுத்து எழும். பனிக்குடம் தெரிந்ததும் அதை நீங்கள் உடைக்க வேண்டாம். இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் வந்தால் சரியான நிலை. குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்த்திருந்தால் அவை பின்னங்கால்கள். அப்படியும் குட்டி வெளிவரும், ஆனால் தாமதமானால் மூச்சுத் திணறும். ஆடு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி மெதுவாக இழுத்து உதவலாம்.

அரை மணி நேரம் பலமாக முக்கியும் எதுவும் வெளிவராவிட்டாலோ, ஒற்றைக் கால் அல்லது வால் மட்டும் தெரிந்தாலோ கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்தின் உதவியைக் கேட்கலாம். இரவு நேரத்துக்கென்று உங்கள் பகுதி மருத்துவரின் எண்ணை முன்பே வாங்கி வையுங்கள். 'சீக்கிரம் போடட்டும்' என்று யாரிடமாவது ஊசி போடச் சொல்வது ஆபத்து. குட்டி குறுக்கே கிடந்தால் கருப்பையே கிழிந்துவிடக்கூடும்.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் சுத்தமான துணியால் துடையுங்கள். மூச்சு வரவில்லை என்றால் காய்ந்த வைக்கோலால் உடம்பை நன்றாகத் தேய்த்து, ஒரு வைக்கோல் துரும்பால் மூக்குத் துவாரத்தைச் சீண்டுங்கள். தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து 2 அங்குலம் விட்டு நூலால் கட்டி, புது பிளேடால் வெட்டி, டிங்சர் அயோடினில் முக்குங்கள். மஞ்சளோ சாம்பலோ அதற்கு ஈடாகாது. பிறகு தாய் நக்கட்டும்.

இனிதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போது ஆட்டுக்குட்டிக்கு நோய் எதிர்ப்பு சக்தி கிடைப்பதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கிறது. அதையும் குட்டியின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். குட்டி குடிப்பதால் நஞ்சுக்கொடி சிக்கிக்கொள்ளாது. பால் சப்பும்போது கருப்பை சுருங்குவதால் அது விழுவது எளிதாகும்.

காம்பில் ஓரிரு பீச்சு கறந்து அடைப்பை நீக்கி, அரை மணி நேரத்துக்குள் குடிக்க விடுங்கள். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 மில்லி சீம்பால் சேர வேண்டும். நான்கைந்து தடவையாகப் பிரித்துக் குடிக்கலாம். கன்னி ஆடு போல இரட்டைக் குட்டி போடும் இனங்களில் மெலிந்த குட்டி பின்தங்கிவிடும். அதை நீங்களே காம்பில் பிடித்து ஊட்டுங்கள். குட்டியின் வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருந்தால், முதலில் சாக்கில் சுற்றிச் சூடேற்றிய பிறகே பால்.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கையால் இழுப்பதும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் வேண்டாம். விழுந்ததை நாய் இழுத்துப்போகாதபடி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இந்த வேலைகளுக்குக் கையுறை அவசியம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈற்று நீரிலிருந்து சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும் என்பதால், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் கொட்டகைப் பக்கமே வர வேண்டாம்.

ஈன்ற ஆட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பசுந்தழையும் வையுங்கள். அடர்தீவனத்தை அன்றே அள்ளிக் கொட்டாமல், சில நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.