கேட்ட செவி மறக்குமோ?

தன் குற்றத்தை ஒப்புக்கொள்பவன் உடன் நிற்பவனையும் சுட்டிவிடின், கேட்ட யூரிமார் அதனை மறத்தல் கூடுமோ?

அமெரிக்காவில் அஞ்சற் கொள்ளை வழக்கொன்றில் எவன்ஸ், புரூட்டன் என்னும் இருவர் ஒருங்கே விசாரிக்கப்பட்டனர். எவன்ஸ் தந்த வாக்குமூலத்தைப் புரூட்டனுக்கு எதிராகக் கொள்ளலாகாதென நீதிபதி யூரிமாரைப் பணித்தார். இருவரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. மேன்முறையீட்டில் எவன்ஸின் தண்டனை நீங்கியது. மறு விசாரணையில் அவன் விடுதலையும் பெற்றான். புரூட்டனின் தண்டனையோ, அப்பணிப்புரை போதுமெனக் கூறி நிலைநிறுத்தப்பட்டது. சொன்னவன் மீண்டான், சுட்டப்பட்டவன் சிக்கினான்!

1968 மே 20இல் அந்நாட்டு மீயுயர் நீதிமன்றம், 1957இல் தான் வகுத்த விதியையே கைவிட்டுப் புரூட்டனின் தண்டனையை நீக்கியது. எவன்ஸ் சாட்சிக்கூண்டு ஏறாமையால், அவனைக் குறுக்கு விசாரணை செய்யும் அரசியலமைப்புரிமையைப் புரூட்டன் இழந்தானென்பதே காரணம்.

நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் இத்தகைய வாக்குமூலத்தை மற்றவனுக்கு எதிராகக் கருதலாகாதென்கின்றது. விலக்குகவென ஏவுதல் சட்டத்திற்கு எளிது. செவிவழிப் புகுந்ததை விலக்குதல் நெஞ்சிற்கு அரிது.